வலிக்காத ஒன்றை அறுப்பதா?

நீளமான பதிவு இது. உடலைப் பற்றியது, அதிலும் ஆண்கள் பொதுவில் பேசத் தயங்கும் ஓர் இடத்தைப் பற்றியது. சங்கடப்படுவோர் கடந்துவிடலாம்.

என் வலது தொடையிடுக்கில் எலுமிச்சையில் பாதியளவு புடைப்பு ஒன்று ஐந்து மாதங்களாக இருந்துவருகிறது. நின்றால் தெரியும், இருமினால் எழும், மல்லாந்து படுத்தால் தானாக உள்ளே போய்விடும். வலி இல்லை. எரிச்சலோ இழுப்போ கூட இல்லை. குளிக்கும்போது கை படாமலிருந்தால் அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டு அறுவை மருத்துவர்களிடம் காட்டினேன். குடலிறக்கம், அதாவது ஹெர்னியா என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஒருவர் இந்த மாதமே அறுவை செய்துகொள்ளச் சொன்னார். மற்றவர், தொந்தரவு இல்லாதவரை அவசரமில்லை, ஆறு மாதத்துக்கொருமுறை வந்து காட்டுங்கள் என்றார். இருவரும் பொறுப்பானவர்கள், இருவருமே சரியான தகவல்களையே சொன்னார்கள் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். ஒரே தகவல்களிலிருந்து இரண்டு எதிரெதிர் அறிவுரைகள் பிறக்கின்றன என்பதே என்னை இதற்குள் இழுத்தது.

விடுதியில் நான்கு பேரிடம் சொன்னேன். அந்த வாரத்திலேயே ஒரு பேராசிரியரும் இரண்டு ஆய்வு மாணவர்களும் தனித்தனியே வந்து, தங்களுக்கும் இருக்கிறது அல்லது இருந்தது என்றார்கள். ஒருவர் மூன்றாண்டுகளாக மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம். ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றேனும் தொடையிடுக்குக் குடலிறக்கம் வருகிறது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இவ்வளவு பரவலான ஒன்றைப் பற்றி இத்தனை மௌனம் நிலவுவதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்குத் தனிச்சொல் கிடையாது. ‘ஓதம்’ என்ற ஒரே சொல்லுக்குள் விரைவீக்கமும் குடலிறக்கமும் சேர்ந்தே கிடக்கும். அச்சொல்லைச் சொல்லும்போது குரல் தாழும், அல்லது சிரிப்பு வரும். சுசுருத சங்கிதை இதனை ‘ஆந்திரவிருத்தி’ என்று தனியே பிரித்து, பாரம் சுமத்தல், தன்னிலும் வலியவரோடு மல்லுக்கட்டுதல், மரத்திலிருந்து விழுதல் முதலியவற்றைக் காரணங்களாக அடுக்குகிறது. நூலில் அமர்ந்து எழுதுதல் இல்லை.

ஆனால் உட்கார்ந்து எழுதுபவர்க்கும் வரக் காரணம் உண்டு. ஆண்குழந்தை கருவில் இருக்கும்போது விரைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் வயிற்றுச்சுவரைத் துளைத்துக்கொண்டு கீழிறங்குகின்றன. அவை வந்த வழி முழுதும் அடைபடுவதில்லை. விந்துக்குழாயும் இரத்தக்குழாய்களும் செல்வதற்காக ஓர் இடுக்கு எஞ்சியே ஆகவேண்டும். நிமிர்ந்து நடக்கும் உயிரினத்தில், வயிற்றின் எடை முழுவதும் அழுத்தும் இடத்தில் ஒரு வாசல். கட்டடப் பொறியாளர் எவரும் ஒப்பமாட்டார். குடும்பத்தில் எவருக்கேனும் இருந்தால் வாய்ப்பு கூடும். என் தாய்மாமாவுக்கு இருந்தது. சுமை தூக்குவது எந்த அளவுக்குக் காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. இந்தச் சர்ச்சைக்குப் பிறகு வருகிறேன். என் ஆய்வுப்பொருளே சுமை தூக்குவோரின் வரலாறு என்பதால் அதைத் தவிர்க்க இயலாது.

முதலில் அறுவையின் வரலாறு கொஞ்சம். பாதுவா நகரில் 1884இல் இன்றைய முறைக்கு அடித்தளமிட்ட எதுவார்தோ பாசினி, அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் கரிபால்டியின் ஆதரவாளர்களோடு போப்பின் படையை எதிர்த்து நின்றவர். 1867இல் வில்லா குளோரி மோதலில் வலது தொடையிடுக்கில் துப்பாக்கிச் சனியன் பாய்ந்து குடல் கிழிந்தது. அப்பகுதியின் அடுக்குகளை அவர் தம் உடலிலேயே முதலில் படித்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. பிரிந்த தசையடுக்குகளை இழுத்துச் சேர்த்துத் தைப்பது அவருடைய முறை. இழுத்துத் தைத்த துணி தையல்வாயிலேயே விடுவதுபோல, பிறர் கைகளில் அது பலருக்கு மீண்டும் விட்டது. நூறாண்டுக் காலம் அறுவை மருத்துவர்களின் கவலையெல்லாம் மீண்டும் வராமல் தடுப்பது எப்படி என்பதே. 1980களில் லாஸ் ஏஞ்சலிஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன், இழுக்காமல் மேலே ஒரு செயற்கை இழை வலையை ஒட்டுப்போட்டு அந்தக் கவலையைப் பெருமளவு தீர்த்தார். மீள்வருகை நூற்றுக்குச் சிலராகச் சுருங்கியது.

ஒரு துறை தன் பழைய அளவுகோலில் வென்றுவிட்டால், அதுவரை கண்ணில் படாத ஒன்று அளவுகோலாகிறது. இங்கே அது வலி. மீண்டும் வந்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் வலிக்கிறதா என்று நோயாளியைக் கேட்கத் தொடங்கியபோது, கிடைத்த விடை சங்கடமானதாக இருந்தது. 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகளின்படி, கணக்கில் கொள்ளத்தக்க நாள்பட்ட வலி நூற்றில் 10 முதல் 12 பேருக்கு. அன்றாட வாழ்வையோ வேலையையோ குலைக்கும் அளவிலான வலி 0.5 முதல் 6 விழுக்காட்டினருக்கு. அப்பகுதியில் ஓடும் நரம்புகள் மெல்லியவை. தையலிலோ வடுவிலோ வலையிலோ சிக்கினால் ஆண்டுக்கணக்கில் நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

வலியே இல்லாத ஒருவனை அறுத்து, வலியுள்ளவனாக மாற்றும் வாய்ப்பு நூற்றில் சில என்றால், அறுக்கத்தான் வேண்டுமா? இந்த வினாவை முறையாகச் சோதித்தவர்கள் அமெரிக்க மருத்துவர் பிட்ஸ்கிப்பன்ஸும் குழுவினரும். அறிகுறி ஏதுமில்லாத, அல்லது மிகக் குறைவான 720 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 356 பேருக்கு அறுவை, 364 பேருக்குக் கவனித்துக் காத்திருத்தல். 2006இல் வெளியான முடிவு இது: ஈராண்டு கழித்து, அன்றாட வேலைக்கு இடையூறான வலி காத்திருந்தோரில் 5.1 விழுக்காடு, அறுவை செய்துகொண்டோரில் 2.2 விழுக்காடு. புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. எல்லோரும் அஞ்சுவது குடல் வெளியே சிக்கி, நெரிபட்டு, இரத்த ஓட்டம் நின்று அழுகுவதை. ஈராண்டுக்குள் ஒருவருக்குச் சிக்கியது, ஆனால் நெரிபடவில்லை. நான்காம் ஆண்டில் இன்னொருவருக்குக் குடலடைப்போடு சிக்கியது. ஓராண்டில் ஆயிரம் பேருக்கு 1.8 என்று கணக்கிட்டார்கள். காத்திருந்து பிறகு மனம் மாறி அறுவைக்கு வந்தவர்களுக்கு, முதலிலேயே செய்துகொண்டவர்களைவிடச் சிக்கல்கள் கூடவுமில்லை. ஆக, காத்திருத்தல் பாதுகாப்பானது.

இரண்டாம் மருத்துவர் இந்த ஆய்வின்மேல் நின்றுதான் பேசினார். முதலாமவர் நின்றது அதே ஆய்வின் தொடர்ச்சியின்மேல். காத்திருந்தவர்களில் 254 பேரை மேலும் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, பத்தாண்டுகளில் 68 விழுக்காட்டினர் அறுவைக்கு வந்துவிடுவதாக மதிப்பிடுகிறது. பெரும்பாலானோர் சொன்ன காரணம் வலி. கிளாஸ்கோவில் 55 வயதுக்கு மேற்பட்ட 160 பேரிடம் நடந்த தனிச் சோதனையிலும் ஏழரை ஆண்டுகளில் 72 விழுக்காட்டினர் அறுவைக்கு வந்தார்கள். எப்படியும் செய்யத்தானே போகிறீர்கள், இளமையில், உடல் நன்றாக இருக்கும்போதே செய்யுங்கள் என்பது முதலாமவரின் வாதம்.

இதே இடத்தில் ஒரு குறிப்பு. மேற்கண்டவை அனைத்தும் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குத் தொடையிடுக்கில் புடைப்பு வந்தால் காத்திருக்கச் சொல்லி எந்த நெறியும் கூறவில்லை. அவர்களுக்கு வரக்கூடிய, சற்றுக் கீழே அமையும் தொடைக் குடலிறக்கம் நெரிபடும் வாய்ப்பு மிக அதிகம். என் பதிவைப் படித்துவிட்டு எந்தப் பெண்ணும் காத்திருக்கக் கூடாது. ஆண்களாயினும் புடைப்பு திடீரெனக் கெட்டியாகி, தொட்டால் வலித்து, உள்ளே போக மறுத்து, வாந்தியும் வந்தால் அது அடுத்த நாள் காலை வரை பொறுக்கும் விஷயமல்ல.

ஆய்வு செய்பவனுக்கு எண்களைப் பார்த்ததும் அவற்றின் பின்னே யார் என்று கேட்கும் பழக்கம் உண்டு. அந்த 1.8 என்ற எண் இரண்டே நிகழ்வுகளிலிருந்து பிறந்தது. அடுத்த சோதனையில் அது பாதியாகவும் இருக்கலாம், இரட்டிப்பாகவும் இருக்கலாம். சோதனையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள். எனக்கு முப்பத்தொன்று. பத்தாண்டில் 68 என்றால், நாற்பதாண்டுகள் எஞ்சியிருப்பவனுக்கு என்ன பொருள்? மறுபுறம், இளவயதினருக்கு அறுவைக்குப் பிந்தைய நாள்பட்ட வலி வரும் வாய்ப்பு கூடுதல் என்றும் அதே இலக்கியம் சொல்கிறது. வயது என்னும் ஒரே எண் தராசின் இரு தட்டிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரு மாதம் இரவுகளில் படித்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றே. மருத்துவ இலக்கியம் என் கையைப் பிடித்து எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. இரண்டு பக்கமும் போகலாம் என்று விட்டுவிட்டது.

அம்மாவுக்கு இவ்வளவு குழப்பமில்லை. தொலைபேசியில் சொன்னபோது ஒரு கணம் பேசாமலிருந்தார். பிறகு, “வலிக்குதாடா?” என்றார். இல்லம்மா என்றேன். “அப்பறம் எதுக்குக் கத்தி வெக்கணும்? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.” “மாமாவுக்கு இருந்துச்சேம்மா?” “மாமா மூட்ட தூக்குனான். நீ என்ன தூக்குற?”

அந்தக் கேள்வியை அம்மா விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது வேறிடத்தில் தைத்தது.

நான் இப்போது புணேயில் இருக்கிறேன். குல்டேக்டியில் உள்ள மார்க்கெட் யார்டின் சுமைதூக்குவோர், இங்கே அவர்களை ஹமால் என்பார்கள், கடந்த எழுபதாண்டுகளில் எப்படி அமைப்பாகத் திரண்டார்கள் என்பது என் ஆய்வேடு. மருத்துவரான பாபா ஆடாவ் 1950களில் தொடங்கிய ஹமால் பஞ்சாயத்து, அவர்களுடைய போராட்டங்களின் ஊடாக மகாராஷ்டிரம் 1969இல் இயற்றிய மாத்தாடி சட்டம், கூலி பட்டுவாடா செய்யும் வாரியங்கள், மூட்டையின் எடையைக் குறைக்கக் கேட்ட கோரிக்கைகள் என்று நான்காண்டுகளாக ஆவணங்களோடும் மனிதர்களோடும் இருக்கிறேன். ஒருவர் சுமக்கும் எடைக்கு உச்சவரம்பாக 55 கிலோவைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிய காலத்தை நினைவுகூர்வோர் யார்டில் இன்னும் பலர் உண்டு. உடலைப் பற்றிய கேள்விகள் என் நேர்காணல் பட்டியலில் இருந்தன. முதுகு, முழங்கால், கழுத்து. தொடையிடுக்கு இல்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு வந்த பிறகு நான் சொன்னேன். தானியப் பிரிவில் முப்பதாண்டுகளாக மூட்டை தூக்கும் ஒருவரை நான் காகா என்பேன். மராத்தியில் சித்தப்பாவுக்கு அதுதான் சொல், காக்கையோடு தொடர்பில்லை. தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் புடைப்பைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, தம் வேட்டிக்குள் இறுக்கிக் கட்டியிருக்கும் லங்கோட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பதினோரு ஆண்டுகளாக அவருக்கும் உண்டு. என்னுடையதைவிட மிகப் பெரியது. காலையில் படுத்தபடியே உள்ளே தள்ளி, எழுவதற்கு முன் கட்டிவிடுவாராம். தம் குழுவில் இன்னும் மூவருக்கு இருப்பது அவருக்குத் தெரியும். பேர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அனுமதி தந்தபிறகே இதை எழுதுகிறேன்.

வலிக்குமா என்று கேட்டேன். “சர், எது வலி? மாலையில் கால் கனக்கும். இடுப்பு இழுக்கும். அது மூட்டைக்கும் உண்டு, இதற்கும் உண்டு. எதனுடையது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.”

சோதனைகளில் நோயாளிக்கு ஒரு படிவம் தருகிறார்கள். வலி இருக்கிறதா, எவ்வளவு, அது உங்கள் வழக்கமான செயல்களுக்கு இடையூறா. அந்தப் படிவத்தைக் காகாவின் கையில் கொடுத்தால் அவர் ‘இடையூறு இல்லை’ என்றே குறித்திருப்பார், ஏனெனில் அவர் ஒருநாளும் மூட்டை தூக்காமல் இருந்ததில்லை. நானும் அதையே குறிப்பேன், ஏனெனில் நான் ஒருநாளும் மூட்டை தூக்கியதில்லை. இரண்டு பேரும் ஆய்வில் ஒரே கட்டத்தில் விழுவோம். என் குடலிறக்கம் வலிக்கவில்லை என்று நான் சொல்லும்போது, அதன் இயல்பைச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நாற்காலியின் இயல்பும் அதில் பாதி இருக்கிறது.

காகா ஏன் அறுவை செய்துகொள்ளவில்லை? கத்திக்குப் பயம் என்று முதலில் சொன்னார். பிறகு கணக்கு வந்தது. அவர்கள் குழுவாக வேலை செய்து கூலியைப் பகிர்ந்துகொள்பவர்கள். வராதவருக்குப் பங்கு இல்லை. ஒன்றரை மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஒன்றரை மாதம் இலவசமில்லை. திரும்பி வந்தபின் தையல் தாங்குமா என்ற அச்சம் வேறு. அவருக்குத் தெரிந்த ஒருவர் அறுவைக்குப் பின் யார்டுக்கே திரும்பவில்லை. வலியா, மீண்டும் வந்ததா, வேறு நோயா என்று காகாவுக்குத் தெரியாது. யார்டைப் பொறுத்தவரை, ஹெர்னியா அறுவை செய்தவர் திரும்பி வரவில்லை, அவ்வளவே. ஒரே ஒரு நிகழ்வைக் கொண்ட அவருடைய ஆய்வு. இரண்டு நிகழ்வுகளைக் கொண்ட என்னுடையதைவிட ஒன்றுதான் குறைவு.

இவ்விடத்தில் மகாராஷ்டிரத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. துலே மாவட்டத்தின் தொண்டாயிச்சா என்னும் சிற்றூரில் அறுவை மருத்துவராக இருந்த ரவீந்திரநாத் தோங்காவ்கர், ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கப்பட்ட வலையைப் பார்த்து, அதன் நெசவு கொசுவலைத் துணியைப் போலவே இருப்பதைக் கவனித்தார். கொசுவலைத் துணியை வெட்டி, கிருமிநீக்கி, நோயாளிகளுக்குப் பொருத்தி, முடிவுகளை 2003இல் வெளியிட்டார். மிகச் சொற்பச் செலவு. சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களிடம் முறையான சோதனை நடந்தது. விலையுயர்ந்த வலைக்கும் கொசுவலைக்கும் ஓராண்டு கழித்து மீள்வருகையிலோ சிக்கல்களிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. புணேயிலேயே மோகன் தேசார்டா, வலையே இல்லாமல் நோயாளியின் சொந்தத் தசையுறையின் ஒரு பட்டையைக் கொண்டு தைக்கும் முறையை 2001இல் முன்வைத்தார். வலைக்கான செலவைக் குறைக்க இவ்வளவு நல்ல மூளைகள் உழைத்திருக்கின்றன. கூலியில்லாத ஒன்றரை மாதத்தின் செலவைக் குறைக்கும் முறையை எந்த அறுவை இதழிலும் நான் காணவில்லை. அது அவர்கள் துறையல்ல என்பார்கள். என் துறை என்றால், நானும் அதை எழுதியிருக்க வேண்டியதில்லை என்றே நான்காண்டுகள் இருந்திருக்கிறேன், கேள்விப்பட்டியலில் அந்த உறுப்பே இல்லாததால்.

என் கணக்குக்கு வருகிறேன். என் உதவித்தொகை ஐந்தாம் ஆண்டில் இருக்கிறது, மாதம் 42,000 ரூபாய், வரும்போது. திறந்த அறுவைக்கு ஒன்றரை மாத உதவித்தொகையும், நுண்துளை வழி செய்தால் இரண்டரை மாதத்துடையதும் ஆகும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீடு இரண்டையுமே ஏற்கும். ஆனால் மாணவனாகப் பதிவில் இருக்கும் வரைதான். பட்டம் வாங்கி வெளியே போனபின் தனியாகக் காப்பீடு எடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த ஆரோக்கிய சஞ்சீவனி திட்டத்திலேயே, எவ்வகைக் குடலிறக்கத்துக்கும் 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. ஏற்கெனவே இருந்த நோய் என்ற விதி தனி. முனைவர் பட்டத்துக்கும் முதல் வேலைக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்பதை இந்தப் பதிவைப் படிப்பவர்களிடம் நான் விளக்கத் தேவையில்லை.

காத்திருத்தல் என்ற சொல்லுக்கு மருத்துவரிடம் ஒரு பொருள், காப்பீட்டு நிறுவனத்திடம் இன்னொரு பொருள். ஒன்று சிகிச்சை, மற்றது சிகிச்சை மறுப்பு. இரண்டும் என் உடலில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இதையெல்லாம் வைத்து நான் எடுத்த முடிவு இது. இப்போது அறுவை இல்லை. ஆய்வேட்டை அளிக்க எட்டு மாதங்கள் இருக்கின்றன. அந்த எட்டு மாதங்களில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு, அந்த நம்பகமற்ற எண்ணை நம்பினால், எண்ணூறில் ஒன்றுக்கும் குறைவு. புணேயில் இருக்கிறேன், நள்ளிரவிலும் ஆட்டோவில் இருபது நிமிடத்தில் அறுவை அரங்கு உண்டு. இதே புடைப்போடு சாலை முடிவடையும் ஒரு மலையூரில் களப்பணி என்றால் வேறு முடிவு எடுத்திருப்பேன். காத்திருத்தல் பாதுகாப்பானது என்ற கூற்றில் அந்த இருபது நிமிடமும் அடங்கியிருக்கிறது, சோதனையின் அட்டவணைகளில் அது தெரிவதில்லை. எட்டு மாதங்களில் நாள்பட்ட வலியோடு ஆய்வேடு எழுதும் வாய்ப்பை இன்று வலியச் சென்று வாங்க எனக்கு விருப்பமில்லை.

ஆய்வேட்டை அளித்தபின், வாய்மொழித் தேர்வுக்கு முன், மாணவப் பதிவு உயிரோடிருக்கும் அந்த இடைவெளியில் அறுவை. ஒரு பக்கம் மட்டும் என்பதாலும் இரண்டாம் மருத்துவர் அதில் நெடுங்காலப் பழக்கமுள்ளவர் என்பதாலும், உறுப்பை மட்டும் மரக்கச்செய்து செய்யும் திறந்த அறுவை. இருபதாண்டு கழித்து வலி வந்தபின் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். செய்துகொள்ளலாம். மருத்துவக் காரணங்களால் மட்டும் முடிவெடுப்பவனாக இருந்தால் அப்படித்தான் செய்வேன் என்றே நினைக்கிறேன். ஒரு காப்பீட்டு விதியின் 24 மாதமே என் நாளைக் குறித்தது. அதை மருத்துவ முடிவுபோல் எழுதிவைக்க எனக்கு மனமில்லை, அதனால் இங்கே அப்படியே எழுதுகிறேன். முதலாம் மருத்துவரிடமும் தொலைபேசியில் சொன்னேன். “எதனால் செய்தாலும் செய்தால் சரி” என்றார்.

இதற்கிடையே ஆறு மாதத்துக்கொரு பரிசோதனை. இருமல் நீடித்தால் உடனே மருந்து, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளல். எச்சரிக்கை அறிகுறிகளை அறைத்தோழருக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். அவர் வேதியியல்காரர், அவற்றைத் தம் ஆய்வகப் பாதுகாப்புத் தாளைப்போல அச்சிட்டுக் கதவில் ஒட்டிவிட்டார். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு பகுதி சேர்கிறது. நெறியாளரிடம் இசைவு வாங்கி, முன்பு நேர்காணல் செய்தவர்களில் பதினெட்டு பேரிடம் மீண்டும் போய் அந்த விடுபட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். இதுவரை பதினொருவர் பேசியிருக்கிறார்கள்.

காகாவிடமும் என் முடிவைச் சொன்னேன். தேதி எப்போது என்று கேட்டு, தம் கைபேசியில் அந்த மாதத்தைக் குறித்துக்கொண்டார். மருத்துவர் சொல்வதைத் தாம் நம்பப்போவதில்லையாம். அறுவைக்குப் பின் எத்தனையாம் நாள் நடந்தீர்கள், எத்தனையாம் நாள் படியேறினீர்கள், எத்தனையாம் நாள் எவ்வளவு எடை தூக்கினீர்கள் என்று தேதிவாரியாக எழுதிக்கொண்டு வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். நான் தூக்குவது மடிக்கணினிப் பைதானே காகா என்றேன். “பரவாயில்லை, எடை போட்டு எழுதுங்கள்” என்றார். யார்டில் தராசுக்குப் பஞ்சமில்லை. தானியப் பிரிவில் ஐந்து கிலோவிலிருந்து படிப்படியாக ஏற்றிப் பார்க்கத் தாமே ஏற்பாடு செய்வதாகவும், ஐம்பதை மட்டும் நான் தொடக் கூடாது என்றும் சொன்னார்.